குதிரை வில்லாளியை விலக்காதீர்கள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம், பெருங்களத்தூர் வட்டாரத்தில் மேசைமேல் பழம்போர் ஆடும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



அடுத்த சுற்றுப் போட்டியில் குதிரை வில்லாளிப் படைகளைச் சேர்க்க வேண்டாம் என்றொரு பேச்சு நம்மிடையே கிளம்பியிருக்கிறது. பார்த்தியர், ஹூணர், செல்ஜுக் துருக்கியர், மங்கோலியர் என எந்தப் படை வந்தாலும் கதை ஒன்றுதான் என்கிறார்கள். தூர நின்று அம்பு விடுவது, நெருங்கினால் ஓடுவது, திரும்பி வந்து மறுபடி அம்பு விடுவது. மதியம் முழுக்க ஆடினாலும் வெற்றி தோல்வி தெரிவதில்லை. மாதக்கணக்கில் பெயின்ட் அடித்த காலாட்படையோடு வந்தவர் ஒரு அடிகூடக் கொடுக்க முடியாமல் மனம் கசந்து வீட்டுக்குப் போகிறார். இந்தக் குறை உண்மை. எனக்கும் அது தெரியும். ஆனால் அதற்கு மருந்து அந்தப் படையை விலக்குவது என்றால் நான் ஒருபோதும் உடன்படமாட்டேன். ஏன் என்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இந்த ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முதலில் அவர்களுக்காகச் சில வரிகள்.

விரல் நகத்தைவிடச் சற்று உயரமான உலோக அல்லது பிளாஸ்டிக் பொம்மை வீரர்களை வண்ணம் தீட்டி, சிறு அட்டைகளில் ஒட்டி, மேசையில் மலையும் ஆறும் வயலும் அமைத்து, அளவுநாடாவும் பகடையும் வைத்துப் பழங்காலப் போர்களை ஆடிப் பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. எவ்வளவு தூரம் நகரலாம், யார் யாரை அடிக்கலாம் என்பதை விதிநூல் சொல்லும். இங்கிலாந்தில் ஃபில் பார்க்கரும் அவர் கூட்டாளிகளும் 1990இல் கொண்டுவந்த டி.பி.ஏ. அவற்றில் எளியது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அட்டை போதும், மேசையும் இரண்டடிக்கு இரண்டடி போதும். 2008இல் வந்த ஃபீல்ட் ஆஃப் குளோரி போன்றவை பெரிய ஆட்டங்கள். அவற்றுக்கு ஆறடிக்கு நாலடி மேசையும் ஒரு முழு மதியமும் வேண்டும். உலகத்தின் பழைய படைகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் டி.பி.ஏ.வில் பட்டியல் உண்டு. தமிழருக்கும் சிங்களருக்கும் சேர்த்து ஒன்று இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குதிரை வில்லாளி எல்லோரையும் வென்றுவிடுவான் என்ற எண்ணம் பெரும்பாலும் ஒரே போரிலிருந்து வருகிறது. கி.மு. 53இல் காரே சமவெளியில் ரோமத் தளபதி கிராசஸ் ஏழு லீஜியன்களோடு பார்த்தியரிடம் சிக்கினார். பார்த்தியத் தளபதி சூரேனாவிடம் இருந்தது ஏறத்தாழ பத்தாயிரம் குதிரை. அதில் ஆயிரம் பேர் தலை முதல் கால் வரை கவசம் பூண்ட ஈட்டி வீரர்கள், மற்றவர்கள் வில்லாளிகள். ரோமர்கள் சதுரமாக நின்று கேடயத்தை உயர்த்தி அம்பு மழையைத் தாங்கினார்கள். அம்பறாத்தூணி எவ்வளவு நேரம்தான் தாங்கும், காலியானதும் போய்விடுவார்கள் என்று காத்திருந்தார்கள். அப்போதுதான் பின்னால் நின்ற ஒட்டகங்கள் கண்ணில் பட்டன. அவற்றின் முதுகில் அம்புச் சுமை. காலியானவன் ஒட்டகத்திடம் போய் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தான். கிராசஸின் மகன் பப்ளியஸ் 1,300 குதிரையும் 500 வில்லாளியும் எட்டு கோஹார்ட் காலாளும் கூட்டிக்கொண்டு துரத்தப் போனான். பார்த்தியர் தோற்றோடுவது போல அவனை வெகுதூரம் இழுத்து, திரும்பி, வளைத்துக்கொண்டார்கள். பிறகு அவன் தலை ஈட்டி நுனியில் தந்தையிடம் வந்தது. அந்தப் போரிலும் பின்வாங்கலிலும் இருபதாயிரம் ரோமர் மாண்டதாகவும் பத்தாயிரம் பேர் பிடிபட்டதாகவும் புளூட்டார்க் எழுதுகிறார்.

இதைப் படித்துவிட்டு மேசைக்கு வருகிறவர் குதிரை வில்லாளியை வெல்லவே முடியாது என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். வில் மட்டும் அன்று வெல்லவில்லை. ஒட்டகம் வென்றது, ஆயிரம் கனக் குதிரைகள் வென்றன, மரமற்ற வறண்ட சமவெளி வென்றது, பொறுமை இழந்த ஒரு மகனின் ஓட்டம் வென்றது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அன்றைய பொழுது வேறு மாதிரி முடிந்திருக்கும். நம் மேசையில் நாம் வைப்பது வில்லாளியை மட்டும்தான். ஒட்டகத்தை வைப்பதில்லை. அம்பு தீர்வதே இல்லை, குதிரை களைப்பதே இல்லை, காக்க வேண்டிய மந்தையோ கூடாரமோ அவனுக்குக் கிடையாது. அப்படிப்பட்ட படையோடு மோதினால் யாருக்குத்தான் கசக்காது?

இதே போலப் போரிட்ட துருக்கியக் குதிரை வில்லாளிகளை ஒருவர் எப்படிச் சமாளித்தார் என்பதற்கு அர்சூஃப் சாட்சி. 1191இல், சிலுவைப் போரில், சிங்க இருதய ரிச்சர்ட் ஆக்ரிலிருந்து யாஃபாவை நோக்கித் தெற்கே நடந்தபோது கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் கடல் காத்தது. மறுபக்கம் காலாட்கள் வரிசையாக, அவர்களுக்குள் குறுக்குவில்காரர்கள், உள்ளே நைட்களின் குதிரைகள். எதிரி சலாஹுதீனின் குதிரைகள் நாள்தோறும் வந்து அம்பு விட்டன. ரிச்சர்ட் துரத்த விடவில்லை. காலாளின் வில்லுக்குக் குதிரைமேல் இருப்பவனின் வில்லைவிட எட்டும் தூரம் அதிகம், நிலையாக நின்று எய்வதால் குறியும் பிசகாது. செப்டம்பர் 7 அன்று பின்வரிசையில் வந்த ஹாஸ்பிடலர் நைட்கள் பொறுக்க முடியாமல் கட்டளைக்கு முன்பே பாய்ந்தார்கள். அதற்குள் எதிரி கிட்டே வந்திருந்ததால் அந்தப் பாய்ச்சல் பலித்தது. நம்மில் ரோமர், கிரேக்கர், சோழர் என்று காலாட்படை ஆடுபவர்கள் காரேயை மறந்துவிட்டு இந்தப் போரை மனப்பாடம் செய்ய வேண்டும்.

அடுத்து, நம் வீட்டுப் பக்கம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தமிழ்ப் பழங்கதைகளில் வல்வில் ஓரியும் மலையமான் திருமுடிக்காரியும் இருவர். ஓரியின் புகழ் வில்லில். ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்துப் போன கதை புறநானூற்றில் இருக்கிறது. காரியின் புகழ் குதிரையில். ஓரிக்கும் குதிரை உண்டு, காரியிடமும் வில் இருந்திருக்கும். ஆனாலும் நம் நினைவு வில்லை ஒருவன் கையிலும் குதிரையை இன்னொருவன் தொடைக்கடியிலும் வைத்திருக்கிறது. காரி ஓரியைக் கொன்றதும் அகநானூற்றில் வருகிறது. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்து, அப்படிப்பட்ட ஆயிரம் பேரை வளர்க்கும் புல்வெளி இங்கே இருந்ததில்லை.

குதிரை இங்கே கடல் கடந்து வந்த சரக்கு. பட்டினப்பாலை காலத்திலேயே கப்பலில் வந்தது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் அந்தப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டதும், இறைவன் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்ததும், இரவில் அவை மறுபடி நரியாகி ஊளையிட்டதும் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. குதிரைக்காக அரசு கொட்டிய பணமும், வாங்கிய குதிரை தங்காமல் போகும் அச்சமும் அந்தக் கதைக்குள் இருப்பதாகவே நான் படிக்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன, குதிரைக்குச் சமைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள் என்று எழுதினார். பாரசீகத்தில் இருந்து எழுதிய வசாஃப், காயலுக்கும் மற்ற துறைகளுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றின் விலை 220 தினார் என்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் விலை கொடுத்து வாங்கி, சில ஆண்டில் இழந்து, மறுபடி வாங்குவது எவ்வளவு பெரிய பாரம் என்பதில் ஐயமில்லை. மங்கோலியன் ஒருவன் பல குதிரைகளோடு புறப்படுவான், ஒன்று களைத்தால் இன்னொன்றில் ஏறுவான். பாண்டிய வீரனுக்கு ஒரு குதிரை கிடைத்தாலே பாக்கியம்.

குதிரைக்கு இப்படி. வில்லுக்கும் ஒரு சங்கடம் உண்டு. குதிரைமேல் எய்யத் தோதான குட்டை வில், மரத்தின் ஒரு பக்கம் கொம்பும் மறுபக்கம் விலங்கு நரம்பும் வைத்து விலங்குப் பசையால் ஒட்டியது. வறண்ட புல்வெளியில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஈரக்காற்று பசைக்கு ஆகாது. ஐப்பசி அடைமழையில் பெருங்களத்தூரில் ஒரு வாரம் துணி காய்வதில்லை என்பதை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் நிலத்தின் வில் நெடிய வில், நிலத்தில் நின்று எய்வது. அலெக்சாந்தர் படையெடுப்பை எழுதிய கிரேக்கர்கள், இந்தியக் காலாள் வில்லின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி எய்ததை வியந்து குறித்திருக்கிறார்கள்.

1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் குதிரைகளோடு துவாரசமுத்திரத்தில் இருந்து தமிழகம் இறங்கியபோது நடந்ததை அமீர் குஸ்ரூ எழுதியிருக்கிறார். பாண்டியன் அவர் முன் வந்து நிற்கவில்லை. மழை பெய்தது, வழி சேறானது, துரத்தினாலும் அரசன் கைக்கு அகப்படவில்லை. கபூர் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் பிற செல்வமும் கொண்டுபோனதாகக் குஸ்ரூ கணக்குச் சொல்கிறார். கொள்ளை பெரிது, கோயில்களுக்கும் ஊர்களுக்கும் நேர்ந்த துயரமும் பெரிது. ஆனாலும் ஆட்டக்காரனாகப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. வேகமான படையிடம் பிடிபடாமல் நழுவியது இங்கே மெதுவான படை. நிலம் யார் பக்கம் இருக்கிறதோ அவன்தான் அந்த நாளின் குதிரை வில்லாளி. இந்தப் படையெடுப்பை மேசையில் ஆடிப் பார்க்கச் சொல்லி நான் நச்சரிப்பதற்குக் காரணமும் அதுதான்.

பிறகு தென்னாட்டு அரசு ஒன்றே குதிரை வில்லாளியை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வியை நேருக்கு நேர் எடுத்தது. இரண்டாம் தேவராயர் 1446 வரை விஜயநகரத்தை ஆண்டவர். பாமினி சுல்தான்களிடம் திரும்பத் திரும்ப ஏன் தோற்கிறோம் என்று அவையைக் கூட்டிக் கேட்டதாக வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்டா எழுதுகிறார். விதி என்று சிலர் சொன்னார்கள். எதிரியின் குதிரைகள் வலியவை, அவர்களிடம் தேர்ந்த வில்லாளிகள் எப்போதும் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தேவராயர் இரண்டாவது பதிலை ஏற்றார். முஸ்லிம் வீரர்களைப் படையில் சேர்த்தார், நிலம் கொடுத்தார், தலைநகரில் பள்ளிவாசல் கட்டித் தந்தார், அவர்கள் வணங்கத் தடையில்லாமல் தம் அரியணை முன் குர்ஆனை வைத்தார், தம் வீரர்களுக்கு வில் கற்றுக்கொடுக்கச் சொன்னார். 1443இல் அவர் மறுபடி போருக்குப் போனபோது 2,000 முஸ்லிம் வில்லாளிகளும் வில் பழகிய அறுபதாயிரம் இந்துக்களும் இருந்ததாக ஃபெரிஷ்டா சொல்கிறார். எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், போக்கை நம்பலாம். அந்தப் போரிலும் அவர் முழு வெற்றி பெறவில்லை. ஆனால் தோல்வியின் காரணத்தை இவ்வளவு தெளிவாகப் பார்த்து, மதத்தையும் வழக்கத்தையும் தாண்டி விடை தேடிய அரசரின் படையை நம் வட்டாரத்தில் ஏன் ஒருவரும் இன்னும் கட்டவில்லை? எல்லோரும் மங்கோலியருக்கு ஓடுகிறோம். யானையும் கனக் குதிரையும் காலாள் வில்லும் குதிரை வில்லும் ஒரே படையில் கலந்து வரும் தேவராயர் படையைப் போல ஆடச் சுவையானது வேறு எது?

இது ஊர் தாண்டிய பழங்கதை என்று நினைப்பவர்களுக்குப் பரங்கிமலை ரயில் நிலையத்தைக் காட்டுகிறேன். 1769 மார்ச் இறுதியில் ஹைதர் அலி ஆங்கிலேயரின் முக்கியப் படையைத் தெற்கே வெகுதூரம் இழுத்துவிட்டு, காலாளையும் பீரங்கியையும் மூட்டை முடிச்சையும் திருப்பி அனுப்பினார். பிறகு ஆறாயிரம் குதிரையையும் கொஞ்சம் காலாளையும் மட்டும் கூட்டிக்கொண்டு மூன்றரை நாளில் 130 மைல் ஓட்டிவந்து பரங்கிமலையில் நின்றார். சென்னைக் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர்கள் சமாதானம் பேச ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. கோட்டை மதில்மேல் ஒரு குண்டுகூட வீசாமல் முடிந்த போர். அந்தக் குதிரைகள் கையில் வில் இல்லை, நாம் ஆடும் காலமும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனால் பார்த்தியரும் மங்கோலியரும் செய்த அதே வேலைதான்: எதிரியின் கனத்தை ஓரிடத்தில் மாட்டவைத்து, தன் இலகுவை வேறிடத்தில் கொண்டுபோய் இறக்குவது. பதினோரு ஆண்டு கழித்து 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை சதுரமாக நின்றது. சுற்றிலும் ஹைதரின் குதிரை, ராக்கெட், பீரங்கி. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சதுரம் உடைந்தது. சில மைல் தள்ளிக் காஞ்சியில் இருந்த ஆங்கிலேயத் தளபதி மன்றோ உதவிக்கு வரவில்லை. காரேயைப் படித்தவர்களுக்கு அந்தப் பகல் முன்பே தெரிந்தது போல இருக்கும். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகச் செப்பேடு சொல்லும் புள்ளலூரும் இதே ஊர்தான். தாம்பரத்தில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய் நின்று பார்க்கக்கூடிய களம் அது.

ஆகவே என் முறையீடு இது. குதிரை வில்லாளியை வரலாற்றில் கட்டுக்குள் வைத்தவை நிலம், மழை, அம்புச் சுமை, தீவனம், பின்னால் விட்டுவந்த மந்தை. இவற்றை மேசைக்குக் கொண்டுவாருங்கள். அவன் தானே அளவுக்குள் வந்துவிடுவான்.

முதலில் நிலம். நம் மேசைகள் இன்னும் இங்கிலாந்துப் புல்வெளியாகவே இருக்கின்றன, நடுவில் இரண்டு ஊசியிலைக் காடு, ஓரத்தில் ஒரு மேடு. தொண்டை மண்டலத்தை வைத்துப் பாருங்கள். ஏரி, ஏரிக்கரை, மதகு, கரைக்குக் கீழே நாற்று நட்ட வயல், வரப்பு, பனந்தோப்பு, இலந்தைப் புதர், பல்லாவரம் திரிசூலம் போல மொட்டைப் பாறைக் குன்று. சேலையூர் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, பீர்க்கன்காரணை ஏரி என்று நாள்தோறும் கடந்து போகிறோம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது இந்த நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று நமக்கே கற்றுக்கொடுத்தது. நட்ட வயலில் குதிரை ஓடாது. ஏரிக்கரையில் பக்கவாட்டைச் சாய்த்து நிற்கும் காலாள் வரிசையை ஒரு பக்கம் சுற்றிவர முடியாது. ரிச்சர்டுக்குக் கடல் செய்ததை நமக்கு ஏரி செய்யும். ஒரே ஒரு வேண்டுகோள்: இடைக்காலக் களத்தில் சீமைக் கருவேலத்தை நடாதீர்கள், அது இந்தியாவுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்.

மழைக்கு ஒரு பகடை போதும். தமிழகத்துக் களம் என்றால் ஆட்டத் தொடக்கத்தில் உருட்டுவோம், ஒன்று விழுந்தால் குதிரை வில்லாளியின் அம்புக்கு அன்று வலு பாதி, குதிரைக்கு வேகம் முக்கால். அம்புக்கு இன்னும் எளிது. மார்க்கோ போலோ தார்த்தாரியனுக்கு அறுபது அம்பு என்கிறார். ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று முறை எய்ய அனுமதி, பிறகு ஒட்டக அட்டைக்கோ கூடாரத்துக்கோ போய்த் தொட்டு வர வேண்டும். இதை வைத்துவிட்டால் காலாள் ஆட்டக்காரருக்கு உடனே ஒரு நோக்கம் கிடைக்கிறது. வில்லாளியைப் பிடிக்க முடியாதவர் ஒட்டகத்தை நோக்கி நடக்கலாம். வில்லாளி அதைக் காக்க வந்தே தீர வேண்டும். மணிக்கணக்கில் முடியாத ஆட்டம் என்ற குறை அந்த இடத்திலேயே தீர்கிறது. அடுத்தடுத்து இரண்டு சுற்று தப்பி ஓடிய குதிரை மூன்றாம் சுற்றில் களைக்கட்டும். மாற்றுக் குதிரை உள்ள மங்கோலியருக்கு மட்டும் அதில் விலக்கு கொடுக்கலாம்.

இன்னொன்று, பக்கம் மாற்றி ஆடுவது. திண்ணையிலும் கோயில் கல்தரையிலும் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டம் நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவும், வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, நெருக்கி நெருக்கி புலிக்கு நகர இடமில்லாமல் செய்தால்தான் வெற்றி. புலி வலியது என்று அந்த ஆட்டத்திலிருந்து புலியை யாரும் எடுத்துவிடவில்லை. ஒருமுறை புலி வைத்தவர் அடுத்த முறை ஆடு வைத்தார். நம் போட்டியிலும் ஒரே களத்தை இரண்டு முறை, படையை மாற்றிக்கொண்டு ஆடுவோம். காலாளாக நின்று யார் குறைவாக இழந்தார் என்று பார்ப்போம். ஆடுகளை நகர்த்தும் கலையைத்தான் ரோமக் காலாள் ஆட்டக்காரர் கற்க வேண்டும். துரத்தக் கூடாது, மேசையின் அகலம் முழுக்க வரிசை பிடித்து, வில்லாளியை ஓரத்தை நோக்கி மெல்ல மெல்ல ஒடுக்க வேண்டும். அடங்காத ஆத்திரத்தில் ஒரு அட்டையை முன்னால் விட்டால் பப்ளியஸுக்கு நேர்ந்தது நேரும்.

குதிரை வில்லாளி ஆடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சில சொற்கள். நீங்கள்தான் பலமுறை ஆட்டத்தைச் சலிப்பாக்குகிறீர்கள், எய்வது ஓடுவது என்ற இரண்டோடு நிறுத்திவிடுவதால். சூரேனாவின் ஆயிரம் கவசக் குதிரையை மறக்காதீர்கள். அம்பு எதிரி வரிசையைத் தளர்த்தும், உடைப்பது ஈட்டி. 1192இல் தராயினில் முகமது கோரி குதிரை வில்லாளிகளை நான்கு பிரிவாக்கி நாலா பக்கமும் அலைக்கழிக்க விட்டார். பகல் சாயும்போது ஒதுக்கி வைத்திருந்த கனக் குதிரையைப் பாயவிட்டு முடித்தார். படையில் ஐந்தில் ஒரு பங்காவது அப்படி ஒதுக்கி வையுங்கள். அம்பை எல்லா இடத்திலும் தூவாதீர்கள். எதிரியின் வரிசையில் ஒரு முனையைத் தேர்ந்து நாலு அட்டையின் அம்பையும் அங்கேயே குவியுங்கள். யானை எதிரே வந்தால் மகிழுங்கள், அம்புக்கு அதைவிடப் பெரிய இலக்கு இல்லை, ஆனால் கிட்டே போகாதீர்கள், பழகாத குதிரை யானையின் வாடைக்கே மிரளும். பின்னால் எப்போதும் ஓட இடம் வையுங்கள். மேசை ஓரம் முதுகில் இடித்தால் உங்கள் ஆட்டம் முடிந்தது.

டி.பி.ஏ. ஆடுபவர்கள் ஒரு சந்தேகம் கேட்பதுண்டு: குதிரை வில்லாளி அம்பே எய்வதில்லையே, இது என்ன விதி? அந்த விதிநூலில் இலகு குதிரையின் அம்பு தனியாகக் கணக்கிடப்படுவதில்லை, கைகலப்புப் பகடைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அட்டை அட்டையை முட்டுவது போலத் தெரிந்தாலும் அங்கே நடப்பது நெருங்கி எய்து விலகுவதுதான். அதில் உண்மையான சிக்கல் வேறு. ஒரு பகடையில் விழும் எண்தான் அந்தச் சுற்றில் எத்தனை குழுவை நகர்த்தலாம் என்பது. சிதறி ஆடும் படைக்கு ஒன்றோ இரண்டோ விழுந்தால் கை கட்டிப்போட்டது போல. அதனால் தொடக்கத்தில் மூன்று நான்கு அட்டைகளைச் சேர்த்தே ஓட்டி, எதிரியை நெருங்கியபின் பிரியுங்கள்.

பொம்மைக்கு வருவோம். வெளிநாட்டுப் பொம்மைக்கு விலையும் சுங்கமும் சேர்ந்தால் மாணவர்களுக்கு எட்டாது என்பது எனக்குத் தெரியும். 3டி பிரிண்டர் வைத்திருக்கும் தோழர்கள் நம்மில் உண்டு, ஒரு முழுப் படையை எல்லோருமாகச் சேர்ந்து அச்சடித்துப் பொதுவில் வைக்கலாம். இலகு குதிரைக்கு அட்டைக்கு இரண்டே பொம்மை என்பதால் செலவும் குறைவு. தரைக்கு வடிகட்டிய மணலும் மரத்தூளும் தேங்காய் நாரும் போதும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பலகை, உடைந்த பொம்மை, பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். குதிரைகளை ஒரே நிறத்தில் அடிக்காதீர்கள், புல்வெளிக் குதிரைக் கூட்டத்தில் மண்ணிறமும் செம்பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கும். பார்த்தியருக்கு அங்கவடி வரையாதீர்கள், அவர்கள் காலத்தில் அது இல்லை. வலக்கைக்காரன் குதிரைமேல் இருந்து முன்னும் இடமும் பின்னும் எய்வான், வலப்பக்கம் எய்ய முடியாமல் திணறுவான். அட்டையில் ஒட்டும்போது எதிரி இடப்பக்கம் இருக்கும்படி உடலைத் திருப்பி வையுங்கள். இது அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. எதிரியைச் சுற்றி எந்தப் பக்கமாக வளைய வேண்டும் என்பது உங்கள் கண்ணுக்கே பழகிவிடும்.

கடைசியாக, விலக்குக்குப் பதிலாக ஒரு ஆட்டத்தை முன்வைக்கிறேன். 1342, சமயபுரத்துக்குப் பக்கம் கண்ணனூர்க் கொப்பம். ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளர், ஏறத்தாழ எண்பது வயது, மதுரை சுல்தானின் கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறார். அவரிடம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் என்கிறார் பயணி இபன் பதூதா. உள்ளே உணவு தீர்ந்துவருகிறது. பதினான்கு நாள் போர்நிறுத்தம் கேட்டு வாங்குகிறார்கள். செய்தி மதுரைக்குப் போகிறது. சுல்தான் கியாசுதீன் தம்கானி சில ஆயிரம் குதிரையோடு புறப்படுகிறார். வீரர்கள் தலைப்பாகையைக் கழற்றிக் குதிரைக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறார்கள், சாகத் துணிந்ததற்கு அடையாளமாக. வந்து சேர்ந்தது உச்சி வெயில் உறக்க நேரம். ஹொய்சளக் குதிரைகள் மேய்ச்சலில் இருக்கின்றன. வந்தவர்களைத் திருடர் என்று நினைத்து ஒழுங்கின்றி எழுந்து ஓடிவருகிறார்கள். முதிய அரசர் குதிரையேற முயலும்போது பிடிபடுகிறார், பிறகு கொல்லப்படுகிறார்.

இந்த ஆட்டத்தில் விரைவுப் படைக்கு வெற்றி எளிது என்று தோன்றும், ஆனால் நேரம் அதற்கு எதிரி. ஆறு சுற்றுக்குள் அரசரின் கூடாரத்தை அடையாவிட்டால் மேய்ச்சலில் இருக்கும் குதிரைகள் வந்துவிடும், எண்ணிக்கை ஹொய்சளர் பக்கம் சாய்ந்துவிடும். ஹொய்சளப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி எத்தனை அட்டை விழித்தெழுகிறது என்று பார்க்க வேண்டும். களத்துக்குக் காவிரிக் கரை வயல்களும் கொள்ளிடத்து மணலும். மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். யானைகளும் காலாட்களும் என்னிடம் இருக்கின்றன, கோட்டைச் சுவரை நான் செய்துவருகிறேன். குதிரை வில்லாளிகளை, அவர்களை விலக்க வேண்டும் என்று சொன்ன தோழர்களே ஓட்டட்டும். மேற்குத் தாம்பரத்தில் நாம் வழக்கமாகக் கூடும் அறை பொங்கல் விடுமுறையில் கிடைக்கும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் தங்கள் பகடையையும் அளவுநாடாவையும் எடுத்து வந்தால் போதும்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து உங்கள் சக ஆட்டக்காரன்